விரயத்தை வென்ற திரு. டி.வி. சுந்தரம் அய்யங்கார்

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலரில் புலவர் பெருமக்களையும் நாட்டுத் தலைவர்களையும் பற்றிய வரலாறுகளே பெரும்பாலும் இடம்பெற்று வந்துள்ளன. இம்முறை ஒரு வணிகப் பெரியாரைப் பற்றி எழுத முற்பட்டேன். அதற்குக் காரணம் உண்டு.

தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சிக்கனம் என்ற சொல் இனிய சொல்லன்று. நம் பாட்டனார் காலத்திலிருந்தே அச்சொல் மேலிடத்திலிருந்து இறங்கி வரும்போதெல்லாம் ஆட்குறைப்பைக் கையோடு அழைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறது. தாதுவில் பொன் அருகிவிட்டது, சுரங்கத்தின் ஆழம் கூடிவிட்டது, செலவு ஏறிவிட்டது, ஆகவே சிக்கனம் தேவை என்று சொல்லிச் சொல்லியே ஆட்களைக் கழித்தனர். முடிவில் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்களே மூடப்பட்டன. இன்று மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப் முதலிய பகுதிகளிலிருந்து விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குச் செல்லும் நம் பிள்ளைகளில், தொழிற்சாலை வேலை பார்ப்போர் சிலர் லீன் என்றும் கைசென் என்றும் புதுச்சொற்களைக் கொண்டுவருகின்றனர். உற்பத்தியில் விரயத்தைக் களையும் முறைகளாம் அவை. வீட்டிலிருந்து கேட்கும் முதியோருக்கோ, பழைய சிக்கனமே புதுச்சட்டை போட்டு வந்திருப்பதாகத் தோன்றுகிறது. பட்டவர்களின் ஐயம் அது. அதைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆயினும் விரயத்தைக் குறைப்பது வேறு, ஆட்களைக் குறைப்பது வேறு என்பதை, அச்சொற்கள் பிறப்பதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே தமிழ்நாட்டின் புழுதிச் சாலைகளில் நடத்திக் காட்டத் தொடங்கிய ஒருவர் இருந்தார். டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்தை அறியாத தமிழ்க் குடும்பம் இராது. அவ்வெழுத்துகளுக்குரிய மனிதரைப் பற்றி அறிந்தவர்கள் அவ்வளவு பேர் இல்லை.

திருநெல்வேலிச் சீமையில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், நம்பி கோயிலால் புகழ்பெற்ற வைணவத் தலம் திருக்குறுங்குடி. அவ்வூர்க் குடும்பமொன்றில் 1877-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22-ஆம் நாள் சுந்தரம் அய்யங்கார் பிறந்தார். திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் என்பதன் சுருக்கமே டி.வி. சுந்தரம். தந்தையாரின் விருப்பப்படி சட்டம் பயின்று வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். அது அவர் மனத்துக்கு ஒத்துவரவில்லை. பின்னர் இருப்புப்பாதை இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். அதையும் விட்டு ஒரு வங்கியில் அமர்ந்தார். அதுவும் நிலைக்கவில்லை.

அந்நாளில் சட்டம் படித்த ஒருவர், சர்க்கார் சம்பளமோ வங்கிச் சம்பளமோ கைக்கு வந்துகொண்டிருக்கும்போது அதை உதறிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் நிறைந்த மோட்டார்த் தொழிலில் இறங்குவதென்றால் உற்றார் என்ன பேசியிருப்பர் என்பதை நாம் ஊகிக்கலாம். இருப்புப்பாதையில் எழுத்தராகவே இருபது ஆண்டுகளைக் கடத்திவிட்ட என் போன்றோருக்கு இவ்விடத்தில் சிறிது வியப்பும், உண்மையைச் சொன்னால் சிறிது பொறாமையும் உண்டாகின்றன. ஆனால் அவர் ரயில்வேயில் கழித்த காலம் வீண்போயிற்று என்று நான் எண்ணவில்லை. ஒரு வண்டி இன்ன நிலையத்தை இன்ன நிமிடத்தில் அடையவேண்டும், இன்ன நிமிடத்தில் விடவேண்டும் என்று எழுதி வைத்து, அதன்படியே ஆயிரம் பேரையும் நடக்கச் செய்வது ரயில்வே ஒன்றுதான் அந்நாளில் இந்நாட்டு மக்களுக்குக் கற்பித்த பாடம். பின்னாளில் அவருடைய பஸ்கள் ஓடிய ஒழுங்கைப் பார்த்தால், அப்பாடத்தை அவர் மறக்கவில்லை என்பது விளங்கும்.

1911-ஆம் ஆண்டு மதுரையில் அவர் தம் தொழிலை நிறுவினார். அடுத்த ஆண்டே, 1912-இல், தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் சர்வீஸ் ஒன்றைத் தொடங்கினார். இவ்வழித்தடத்தை அவர் தேர்ந்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது. தஞ்சை அப்போதே ரயில் செல்லும் பெருநகரம். புதுக்கோட்டையோ தனி அரசரின் கீழிருந்த சமஸ்தானம். அதற்கு இருப்புப்பாதை வந்து சேர இன்னும் பதினாறு பதினேழு ஆண்டுகள் இருந்தன. ரயிலில் வந்து இறங்கியவர் மீதமுள்ள முப்பத்தைந்து மைலை மாட்டு வண்டியில் கடக்க ஓர் இரவையோ ஒரு பகலையோ கழிக்க வேண்டியிருந்தது. ரயில் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தை மாட்டு வண்டி தின்றுவிட்டது. அந்த இடைவெளியில்தான் அவர் தம் வண்டியை நிறுத்தினார்.

பிற்காலத்தில் மோட்டார்ப் பஸ்கள் பெருகியபோது ஓட்டத்தில் ஒரு தீய வழக்கம் வேரூன்றியது. பஸ் நிறைந்தாலன்றிக் கிளம்புவதில்லை. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து யந்திரத்தை உறுமச் செய்வார். இதோ புறப்பட்டுவிட்டது என்று பிரயாணிகள் ஓடிவந்து ஏறுவர். பிறகு ஓட்டுநர் இறங்கித் தேநீர் அருந்தப் போவார். வழியில் வேறொரு முதலாளியின் பஸ் தென்பட்டால், அதை முந்திக்கொண்டு அடுத்த ஊரின் பிரயாணிகளை அள்ளிக்கொள்ள உயிரைப் பணயம் வைத்து விரைவர். 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வந்து அனுமதிகளையும் நேரங்களையும் வரையறுக்கும் வரை இதுவே பல இடங்களில் நிலைமை.

வண்டி நிறையும்வரை காத்திருப்பது முதலாளிக்கு இலாபமாகவும் சிக்கனமாகவும் தோன்றும். ஒரு துளிப் பெட்ரோலும் வெற்றிருக்கையைச் சுமக்கச் செலவாவதில்லை அல்லவா? சுந்தரம் அய்யங்கார் அவர்கள் கணக்கை வேறு விதமாகப் போட்டார். முப்பது பேர் ஒரு மணி நேரம் காத்திருந்தால் முப்பது மணி நேரம் அழிகிறது. முதலாளியின் பேரேட்டில் அது ஏறுவதில்லை. ஏனெனில் அது அவருடைய நேரமன்று. கச்சேரிக்குப் போகவேண்டியவன் வழக்கை இழக்கிறான். சந்தைக்குப் போகவேண்டியவள் விலையை இழக்கிறாள். மணவீட்டுக்குப் போகவேண்டியவர் முகூர்த்தத்தை இழக்கிறார். அவர்கள் அடுத்த முறை மாட்டு வண்டியையே நாடுவர். ஆகவே அவருடைய பஸ்கள் இருக்கை நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் குறித்த நேரத்தில் புறப்பட்டன. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தின் முள்ளைத் திருத்திக்கொள்ளும் வழக்கம் இருந்ததென்பது பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. கடிகாரம் வாங்க வகையற்ற சிற்றூரார்க்கு அப்பஸ்ஸே கடிகாரமாய் இருந்தது என்றும் சொல்லலாம்.

தொடக்கத்தில் நட்டமாகத் தோன்றிய இம்முறை, பிரயாணிகளுக்கு நம்பிக்கை பிறந்தபின் இலாபமாக மாறியது. பஸ் நிச்சயம் வரும் என்று தெரிந்தவன் நிச்சயமாக வந்து நிற்பான். இருக்கைகள் தாமே நிறைந்தன. எங்கள் இலாகாவினருக்கு அவர் போட்டியாளர்தாம். முப்பதுகளில் சாலையும் ரயிலும் பிரயாணிகளுக்காகப் போரிட்ட கதை தனியே எழுதத்தக்கது. ஆயினும் போட்டியாளரின் சிறப்பை ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

நேரப்படி வண்டி ஓட்டவேண்டும் என்று தீர்மானித்துவிட்டால் போதுமா? சாலை ஒத்துழைக்க வேண்டுமே. இங்கேதான், அவர் வாழ்க்கையில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்த நிகழ்ச்சி வருகிறது.

அக்காலச் சாலைகளில் மோட்டார்கள் சில. மாட்டு வண்டிகளோ ஆயிரக்கணக்கில். மாடுகளின் குளம்புகளுக்கு லாடம் அடித்திருப்பர். லாடம் தேயத் தேய ஆணிகள் தளர்ந்து சாலையில் உதிரும். சாலையில் கிடக்கும் ஆணி மாட்டு வண்டியின் இரும்புப் பட்டாவை ஒன்றும் செய்யாது. காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்துக்கோ அது எமன். ஓர் ஆணி ஏறினால் பஸ் நடுவழியில் நிற்கும். பிரயாணிகள் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி மரநிழல் தேடுவர். சக்கரத்தைக் கழற்றி, மாற்றுச் சக்கரம் பூட்டி, திருகாணிகளை இறுக்கிக் கிளம்புவதற்குள் அரை மணியோ முக்கால் மணியோ கழியும். எதிர்முனையில் அதே பஸ்ஸுக்காகக் காத்திருப்பவர்களுக்கும் அதே தாமதம். மறுநாள் பணிமனையில் ஓர் ஆள் அமர்ந்து டியூபுக்கு ஒட்டுப்போட வேண்டும். ஒட்டுமேல் ஒட்டாகி விரைவில் டியூபே போய்விடும். ஒரு சிறு ஆணிக்குப் பின்னால் இத்தனை விரயமும் வரிசையாக நிற்கிறது.

மற்றவர்களாக இருந்தால் என்ன செய்திருப்பர்? மாற்றுச் சக்கரத்தை இரண்டாக்கியிருப்பர். ஒட்டுப்போடும் ஆட்களைப் பெருக்கியிருப்பர். தாமதித்த ஓட்டுநருக்கு அபராதம் விதித்திருப்பர். சுந்தரம் அய்யங்கார் அவர்கள் ஆணியையே தேடிப்போனார். காந்தம் பொருத்திய வண்டியொன்றை அமைத்து, தம் பஸ்கள் செல்லும் சாலைகளில் அதை ஓட்டச் செய்தார். அது செல்லுமிடமெல்லாம் புழுதியில் புதைந்து கிடந்த ஆணிகள் எழுந்து காந்தத்தில் ஒட்டிக்கொண்டன. சாலை அவருக்குச் சொந்தமானதன்று. அதைப் பெருக்குவது அவர் கடமையுமன்று. அவர் பெருக்கிய சாலையில் போட்டி முதலாளிகளின் பஸ்களும் பஞ்சரின்றி ஓடின. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

நோய் வந்தபின் மருந்து தேடாமல் நோயின் முதலைத் தேடும் இவ்வழக்கத்தைத்தான் இன்றைய தொழிற்சாலைகளில் பெரிய பெரிய பலகைகளில் எழுதி மாட்டியிருப்பதாக இளைஞர்கள் சொல்லுகின்றனர். ஒரு பழுது கண்டால், ஏன் என்று ஐந்து முறை அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போகவேண்டுமாம். பஸ் ஏன் தாமதித்தது? சக்கரம் ஏன் காற்றிழந்தது? ஆணி ஏன் அங்கே கிடந்தது? மூன்றாம் கேள்வியிலேயே அவர் காந்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வண்டிகளைப் பேணுவதிலும் இதே போக்குத்தான். வண்டி வழியில் நின்றபின் மெக்கானிக்கை அனுப்புவது எல்லோரும் செய்வது. நில்லாதிருக்கும்படி முன்கூட்டியே பணிமனையில் பார்த்து அனுப்புவது அவர் நிறுவனம் பெயரெடுத்த முறை. இதைத் தங்கவயலாருக்கு விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. ஷாஃப்டில் கூண்டை ஏற்றி இறக்கும் கம்பிக் கயிற்றை அறுந்தபின்பா மாற்றினார்கள்? நாள் குறித்துச் சோதித்து, காலக்கெடு தீர்ந்ததும், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கழற்றினார்கள். அங்கே உயிர் தொங்கியது. ஆகையால் விதி இருந்தது. பஸ்ஸில் தொங்கியது நேரம் மட்டுமே. அதற்கும் அவ்விதியைப் பொருத்தியது அவருடைய தனித்தன்மை.

இரண்டாம் உலகப்போர் வந்தது. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்கள் ஜப்பானியர் கைக்குப் போயின. மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. பர்மாவின் எண்ணெயும் போயிற்று. சென்னை மாகாணத்தில் பெட்ரோலுக்குக் கடும் பஞ்சம். பங்கீட்டில் கிடைத்த பெட்ரோல் சில நாள் ஓட்டத்துக்கே காணாது. பல முதலாளிகள் பஸ்களைக் கொட்டகையில் நிறுத்திப் பூட்டினர். பூட்டினால் ஓட்டுநரும் நடத்துநரும் மெக்கானிக்கும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

சுந்தரம் அய்யங்கார் அவர்கள் கரியைப் பார்த்தார். மரக்கரியை இரும்புக் கலனில் இட்டு, போதிய காற்று விடாமல் எரித்தால் அது முழுதும் எரியாது. எரியக்கூடிய வாயு ஒன்று வெளிப்படும். அவ்வாயுவைக் குளிரச்செய்து, சாம்பலும் கரித்தூளும் போகும்படி வடிகட்டி, யந்திரத்துக்குள் செலுத்தினால் பெட்ரோலின் இடத்தில் அது வேலை செய்யும். இத்தத்துவம் மேல்நாடுகளில் முன்பே அறியப்பட்டதுதான். ஆனால் நம் நாட்டுப் பஸ்ஸின் பின்புறத்தில் பொருத்தி, நம் நாட்டு மெக்கானிக் பழுது பார்க்கக்கூடிய விதத்தில் அமைக்கவேண்டுமே. அவர் நிறுவனம் அதை வடிவமைத்து, டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்ற பெயரில் தானே உற்பத்தி செய்தது. கரி பஸ் என்று நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். விடியுமுன் அடுப்பு மூட்டுவதுபோல் கரி மூட்டவேண்டும். மேட்டில் பஸ் முனகும். வடிகட்டியை அடிக்கடி துலக்க வேண்டும். பெட்ரோலின் வலிமை அதற்கு இல்லை. எனினும் ஓடியது.

ரப்பர்ப் பஞ்சத்துக்கு அவர் கண்ட வழி இன்னும் நுட்பமானது. தேய்ந்த டயரைக் குப்பையில் எறிவது அதுவரை வழக்கம். உற்று நோக்கினால் தேய்வது தரையில் படும் மேற்பட்டை ஒன்றே. அதன் உள்ளே நூலிழைகள் பின்னிய உடற்பகுதி பெரும்பாலும் கெடாமலே இருக்கும். ஒரு விரற்கடை ரப்பர் தேய்ந்ததற்காக முழு டயரையும் எறிவது, செருப்பின் அடித்தோல் தேய்ந்ததற்காக வாரையும் சேர்த்து எறிவது போன்றது. மேற்பட்டையைச் சீவிச் சொரசொரப்பாக்கி, புதிய ரப்பர்ப் பட்டையைச் சுற்றி, அச்சில் வைத்து வெப்பமூட்டி ஒன்றாக்கினால் அதே டயர் மீண்டும் பல ஆயிரம் மைல் ஓடும். இதற்கென்றே ஒரு தொழிற்சாலையை அவர் ஏற்படுத்தினார். போர் முடிந்து புது டயர் கிடைக்கத் தொடங்கிய பின்னும் அத்தொழில் மறையவில்லை. லாரி, பஸ் டயர்களுக்கு ரீட்ரெடிங் செய்வது இன்றளவும் நாடெங்கும் நடக்கிறது.

கழிவு என்று நாம் பெயரிட்டு ஒதுக்கியதில் பாதி கழிவேயன்று என்பதற்கு நம் வாசலிலேயே சான்று நிற்கிறது. சயனைடு மேடுகளைச் சொல்லுகிறேன். ஆலைகள் பொன்னைப் பிரித்தபின் கொட்டிய அத்தூளில் இன்னும் பொன் இருக்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் நம் சோற்றுத் தட்டில் வந்து விழுவதை நாம் அறிவோம். அதிலுள்ள பொன்னை எடுப்பது பற்றிய பேச்சைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறோம். சுந்தரம் அய்யங்கார் போன்ற ஒருவர் கையில் அது கிடைத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. போகட்டும்.

அவர் இல்லத்தில் நேர்ந்த ஒன்றையும் இங்கே கூறவேண்டும். அது வணிகத்துக்குப் புறம்பானதாக எனக்குத் தோன்றவில்லை. அவருடைய மகள் சௌந்தரம் இளம் வயதில் மணமாகி, சில ஆண்டுகளிலேயே கணவரை இழந்தார். அந்நாளில் அத்தகைய பெண்ணுக்கு வீட்டின் ஒரு மூலையே உலகம். ஐம்பது அறுபது ஆண்டு வாழ்வு அம்மூலையிலேயே தீர்ந்துபோகும். ஓர் ஆணியின் விரயத்தையும் ஒரு டயரின் விரயத்தையும் பொறுக்காத குடும்பம் இதனையும் பொறுக்கவில்லை. பெற்றோர் அவரைப் படிக்க அனுப்பினர். அவர் தில்லி சென்று லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1936-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1940-இல் காந்தியடிகளின் ஆசியோடு, கேரளத்தைச் சேர்ந்த திரு. ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். கைம்பெண் மறுமணம், அதுவும் சாதி கடந்த மணம், ஆசாரமான குடும்பத்துக்கு எளிதில் விழுங்கக்கூடியதாக இருந்திராது. அவ்விருவரும் 1947-இல் திண்டுக்கல்லுக்கருகே காந்திகிராமத்தை நிறுவினர். அங்கே மருத்துவமும் கல்வியும் பெற்றவர்கள் எத்தனையோ பேர். டாக்டர் சௌந்தரம் பின்னர் மத்திய அரசில் கல்வித் துணையமைச்சராகவும் விளங்கினார்.

நிறுவனம் விரிந்தது. சதர்ன் ரோடுவேஸ் என்ற பெயரில் பஸ்களும் லாரிகளும் ஓடின. மோட்டார் உதிரிப் பாகங்களுக்கு மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ். மோட்டார்களுக்கு சுந்தரம் மோட்டார்ஸ். பின்னது ஐம்பதுகளில் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியாரின் மிகப்பெரிய விற்பனையாளராக விளங்கியது. 1954-இல் சுந்தரம் ஃபைனான்ஸ் தோன்றியது. தொழிலாளர் குடும்பங்களின் நலனிலும் அந்நிறுவனத்தார் கருத்துச் செலுத்தினர். மதுரையில் டி.வி.எஸ். நகர் என்ற பகுதி இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. முதலாளி என்ற முறையில் அவர் இலாபம் கருதாதவர் என்று எழுத நான் முன்வரவில்லை. இலாபம் கருதாத வணிகர் இருக்க முடியாது. இலாபத்தை எங்கே தேடினார் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

ஜப்பானில் டயோட்டா கம்பெனியின் டாயிச்சி ஓனோ என்னும் பொறியியலார், போருக்குப் பிந்திய வறுமைக் காலத்தில் தம் தொழிற்சாலையைச் சுற்றி வந்து, விரயம் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று ஆராய்ந்தார். தேவைக்கு மேல் செய்து குவிப்பது, காத்திருப்பது, வீணாகச் சுமந்து திரிவது, சரக்கை அடுக்கி வைத்துப் பூட்டுவது, பழுதாகச் செய்துவிட்டுத் திரும்பச் செய்வது என இவ்வாறு ஏழு வகையாக அவர் பிரித்தார். 1988-இல்தான் அமெரிக்கர் ஒருவர் அம்முறைக்கு லீன் என்று பெயரிட்டார். கொழுப்பற்ற உடல் என்பது அதன் கருத்து. பெங்களூரை அடுத்த பிடதியில் டயோட்டா கம்பெனி தொழிற்சாலை அமைத்தபின் நம் பக்கத்திலும் அப்பெயர் பரவிற்று. ஓனோவின் ஏழில் ஆட்கள் இல்லை என்பதை நம் முதியோர் கவனிக்க வேண்டுகிறேன். ஆளின் வீண் நடையும் வீண் காத்திருப்பும் விரயம், ஆள் விரயமல்லன். இதை மறந்து, முறையின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு ஆட்களைக் கழிக்கும் முதலாளிகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் வேலை பார்க்கும் பிள்ளைகள் வீட்டில் வந்து புலம்பினால், குற்றம் முறையின்மேல் அன்று.

காத்திருத்தல் என்ற விரயத்தைப் பற்றி அலுவலக மேசையிலிருந்து ஒரு சொல். ஒரு காகிதத்தின்மேல் செய்யவேண்டிய வேலை ஐந்து நிமிடம் என்றால், அது மேசைக்கு மேசை படுத்துறங்கும் காலம் ஐந்து நாள். எழுத்தர்கள் சோம்பேறிகள் என்பதல்ல காரணம். இருபது காகிதம் சேரட்டும், சேர்த்து அனுப்பலாம் என்ற வழக்கமே காரணம். நிறைந்தால்தான் கிளம்புவேன் என்று நின்ற பழைய பஸ்ஸும் அதுவும் ஒன்றே.

முதுமையில் பொறுப்புகளைத் தம் புதல்வர்களிடம் ஒப்படைத்துவிட்டுச் சுந்தரம் அய்யங்கார் அவர்கள் ஓய்வு பெற்றார். 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் கோடைக்கானலில், எழுபத்தெட்டாம் வயதில் காலமானார். இரண்டாண்டு கழித்து மதுரையில் அவருடைய மார்பளவுச் சிலையை இராஜாஜி திறந்துவைத்தார். அறுபதுகளில் ராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா ஆகிய புதல்வர்களின் காலத்தில் அந்நிறுவனம் பிரேக்கு, சக்கரம், திருகாணி என மோட்டாரின் உறுப்புகளைத் தாமே செய்யும் தொழிற்சாலைகளாகக் கிளைத்தது. 1972-இல் தமிழக அரசு பஸ்களை நாட்டுடைமையாக்கியபோது, அவர் தொடங்கிய பஸ் தொழில் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாயிற்று. மூலத்தொழில் கைவிட்டுப் போனபின்னும் நிறுவனம் சாயவில்லை. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்னும் மொபெட் வெளிவந்தது. இருவர் ஏறிச் செல்லத்தக்க அச்சிறு வண்டியை நம் லைன்களிலும் பார்க்காதவர் இல்லை.

அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் 1950-இல் ஜப்பானியருக்குத் தரத்தைப் பற்றி விரிவுரைகள் ஆற்றினார். நன்றி பாராட்டும் வகையில் அவர் பெயரால் ஜப்பானியர் அடுத்த ஆண்டு ஒரு பரிசை ஏற்படுத்தினர். தரத்திலும் விரயமின்மையிலும் தேர்ந்த தொழிற்சாலைகளுக்கு, நேரில் வந்து சோதித்தபின் அளிப்பது அது. இந்தியாவில் அதை முதலில் பெற்றது 1998-இல் சென்னை பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் பிரேக்குப் பிரிவு. 2002-இல் டி.வி.எஸ். மோட்டார் கம்பெனி பெற்றது. இவ்விரண்டுக்கும் இடையே சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் பெற்ற ஆண்டு 2001.

அவ்வாண்டுதான் நம் சுரங்கங்களின் சங்கு ஓய்ந்தது. ஓசூருக்கும் பெங்களூருக்கும் நம் பிள்ளைகள் வேலை தேடிப் போனது அதன் பின்னரே மிகுந்தது. நாள்தோறும் மாலை ரயிலில் திரும்பி வரும்போது அவர்களிற் சிலர், இன்று எந்த யந்திரம் எத்தனை நிமிடம் சும்மா நின்றது என்று தமக்குள் கணக்கிட்டுக்கொண்டே வருகிறார்கள்.